பழைய பால்

நான் ஜாக்கெட் தைக்கிறவள். திருவொற்றியூரில் கடலைப் பார்த்த எங்கள் குப்பத்தில் என்னிடம் அளவு கொடுக்காத பெண் கிடையாது. யாருக்கு எந்தப் பக்கம் கொஞ்சம் பெரிது, யாருக்குப் பிள்ளை பெற்றபின் தளர்ந்துபோனது, எல்லாம் எனக்குத் தெரியும். வாயைத் திறக்கமாட்டேன். அப்படிப்பட்டவள், என் மார்பில் வந்த கட்டியை எந்த டாக்டரும் பார்ப்பதற்கு முன்பே இஞ்ச் டேப்பால் அளந்தேன். அளந்துவிட்டு ஏழு வாரம் சும்மா இருந்தேன்.

அந்த ஏழு வாரத்தைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். மூன்றாவது தடவை மருந்து ஏற்றி ஒன்பது நாள் ஆகிறது. வாந்தி நின்றுவிட்டது, வாய்ப்புண் ஆறிவிட்டது. நாலாவது தடவைக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கிறது. "இன்னாமே கஸ்தூரி, இன்னாதான் ஆச்சு உனுக்கு?" என்று கேட்டுக்கொண்டு வருகிறவர்களுக்கெல்லாம் தனித்தனியாகச் சொல்ல எனக்குத் தெம்பும் இல்லை, பொறுமையும் இல்லை. ஒரே தடவையாக எழுதிவிடுகிறேன்.

முதல் பிள்ளையிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அதற்குப் பிறக்கும்போதே உயிர் இல்லை. ஒன்பதாம் மாதம், ஆண் பிள்ளை. கொடி சுற்றிக்கொண்டது என்றார்கள். புதைத்துவிட்டு வந்த மூன்றாம் நாள் எனக்குப் பால் சுரந்தது. பிள்ளை இல்லை என்பது மார்புக்கு எப்படித் தெரியும்? இரண்டு பக்கமும் கல்லாகக் கனத்து, காய்ச்சல் வந்து, தொட்டால் உயிர் போனது. என் மாமியார் தேசம்மா காசிமேட்டில் மீன் விற்கிறவர். அவர்தான் ஒரு பொட்டலம் உதிரி மல்லிப்பூ வாங்கிவந்து, மார்பு முழுக்கப் பரப்பி, பழைய வேட்டியைக் கிழித்து இறுக்கிக் கட்டினார். பால் வற்ற எங்கள் பக்கத்தில் இதுதான் வழக்கம். காலையில் ஒருமுறை, சாயங்காலம் ஒருமுறை பூ மாற்றினார். நாலைந்து நாளில் வற்றிவிட்டது. அதற்குப் பிறகு நான் தலையில் மல்லிப்பூ வைத்ததில்லை.

இரண்டு வருடம் கழித்து மறுபடி உண்டானேன். நாலாம் மாதம் பிறந்த சமயம், குளிக்கும்போது இடது மார்பில், வெளிப்பக்கமாக, கோலிகுண்டு அளவில் ஒன்று கையில் தட்டுப்பட்டது. வலி இல்லை. தள்ளினால் நகர்ந்தது. அத்தையிடம் காட்டினேன். அவர் மீன் கூடையைக் கழுவிக்கொண்டிருந்தார். ஈரக்கையைப் புடவையில் துடைத்துவிட்டு, அழுத்திப் பார்த்தார்.

"பாலுதாம்மே. வேற இன்னா?"

"நாலு மாசத்துலயே பால் வருமா அத்தே?"

"இது புதுப் பாலு இல்லடி. பயய பாலு. அந்தப் புள்ளைக்கு ஊறுச்சே, அது குடிக்காமப் போச்சே, அது உள்ளயே நின்னு கட்டிக்கினு கீது. இந்தப் புள்ள பொறந்து வாய வெச்சா தானா கரைஞ்சிரும்."

அத்தையின் வாயில் ழ வராது. பயய பாலு என்றுதான் சொன்னார். அந்த வார்த்தை என்னை என்ன செய்தது என்று சொன்னால் சிரிப்பீர்கள். எனக்கு சந்தோஷமாக இருந்தது. புதைத்த பிள்ளையின் முகத்தை அரை நிமிடம்தான் காட்டினார்கள். ஒரு போட்டோ கிடையாது, ஒரு துணி கிடையாது. அவனுடையது என்று சொல்ல இந்த உலகத்தில் ஒன்றுமே இல்லை என்று நினைத்திருந்தேன். இதோ, அவனுக்காக ஊறிய பால், ஒரு சொட்டு வற்றாமல் என்னிடம் இருந்திருக்கிறது. அவன் தம்பியோ தங்கையோ வந்து குடிக்கப்போகிறது. மிஷினில் உட்கார்ந்திருக்கும்போது இடது கை தானாக அங்கே போய்விடும். தடவிக்கொடுப்பேன். கட்டியைக் கொஞ்சினேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். எந்த முட்டாளாவது இப்படிச் செய்வாளா? நான் செய்தேன்.

அத்தை தன் பங்குக்கு மறுபடியும் மல்லிப்பூ கட்டினார். கட்டின பால் இளகட்டும் என்று. வாசனை எனக்குக் குமட்டியது, இருந்தாலும் கட்டிக்கொண்டேன். கட்டி இளகவில்லை. கோலி எலுமிச்சை ஆனது, எலுமிச்சை சாத்துக்குடி ஆனது. வாராவாரம் டேப் வைத்துப் பார்த்தேன்; வலது பக்கத்தைவிட இடது பக்கம் ஒன்றரை இஞ்ச் கூடியிருந்தது. ஜாக்கெட்டின் இடது பக்கத் தையலைப் பிரித்துப் பிரித்து விட்டுக்கொண்டேன். இதையே வேறொருத்தி வந்து சொல்லியிருந்தால், "ஓடுமே ஆஸ்பத்திரிக்கு" என்று கழுத்தைப் பிடித்துத் தள்ளியிருப்பேன். மாதாமாதம் நான் போகிற சுகாதார நிலையத்தில்கூட மூச்சு விடவில்லை. சொன்னால் கரைத்துவிடுவார்களோ என்று பயம்.

அங்கே இருந்த நர்ஸ் ஒருவர்தான் கண்டுபிடித்தார். ஐந்தாம் மாத செக்கப்புக்குப் போனபோது, ரத்த அழுத்தம் பார்க்கக் கையைத் தூக்கச் சொன்னார். இறக்கும்போது இடது கை உடம்போடு ஒட்டவில்லை, கட்டி தடுத்தது.

"என்னம்மா இது இங்க?"

"பால் கட்டு சிஸ்டர்."

"யார் சொன்னது?"

"எங்க அத்தை."

"உங்க அத்தை எந்த காலேஜ்ல படிச்சாங்க?" என்று கேட்டுவிட்டு, ஜாக்கெட்டை அவிழ்க்கச் சொல்லிப் பார்த்தார். பார்த்த பிறகு அவர் கிண்டல் பண்ணவில்லை. பெரியாஸ்பத்திரிக்கு ஒரு சீட்டு எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டார்.

பெரியாஸ்பத்திரியில் மார்புக் கட்டி பார்க்கும் நாள் வாரத்தில் ஒன்று. மர பெஞ்சில் நாற்பது ஐம்பது பெண்கள். அதில் வயிற்றைத் தள்ளிக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் நான் ஒருத்திதான். எதிரே இருந்த அம்மாள் என் வயிற்றைப் பார்த்தார், பிறகு என் கழுத்துக்குக் கீழே பார்த்தார், "ஐயோ பாவம்" என்று பக்கத்தில் இருந்தவரிடம் எனக்குக் கேட்கும்படியே சொன்னார். பிரசவம் பார்க்கிற இடம் அந்தக் கட்டடம் என்று இரண்டு பேர் எனக்கு வழி சொன்னார்கள். உள்ளே போனால் ஸ்கிரீனுக்குப் பின்னால் படிக்கிற பிள்ளைகள் எட்டுப் பேர் நின்றார்கள். "கர்ப்பத்தில் இது அரிது, எல்லோரும் பாருங்கள்" என்றார் அவர்களுடைய வாத்தியார். எல்லோரும் பார்த்தார்கள். ஏழு ஜோடிக் குளிர்ந்த கைகள். ஒரு பெண் மட்டும் கையைத் தேய்த்துச் சூடாக்கிவிட்டுத் தொட்டது. அந்தப் பெண் நன்றாக இருக்க வேண்டும்.

ஸ்கேன் எடுத்தார்கள். வயிற்றுக்கு எடுப்பார்களே, அதே ஜெல், அதே மிஷின்தான், பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது. ஏழு சென்டிமீட்டர் என்றார்கள். மூன்று இஞ்சுக்குக் கால் இஞ்ச் குறைவு என்று என் மனசு கணக்குப் போட்டது. பிறகு ஊசி. மரக்க மருந்து போட்டு, ஒரு பேனா தடிமன் ஊசியை உள்ளே விட்டு விசையைத் தட்டினால், டக்கென்று ஸ்டேப்ளர் அடித்த மாதிரி சத்தம். நூல் மாதிரி ஒரு துண்டு சதை வருகிறது. அதைப் பரிசோதனைக்கு அனுப்புகிறார்கள்.

பத்து நாளில் ரிப்போர்ட் வந்தது. சாதாரண நார்க்கட்டி, வயசுப் பெண்களுக்கு வருவது, ஆபத்தில்லை. பிரசவத்துக்கு அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். அத்தை ஆஸ்பத்திரி வாசலிலேயே சூடம் கொளுத்தினார். "பாத்தியா? நான் சொல்லல? ஊசிய குத்தி, புள்ளத்தாச்சிய பேஜாரு பண்ணி, கடசில ஒண்ணும் இல்லன்னு எயுதிக் குடுத்துட்டானுங்க."

நானும் சிரித்தேன். பாலா நாரா என்று நான் யாரையும் கேட்கவில்லை.

அடுத்த இரண்டு வாரத்தில் அது மறுபடி வளர்ந்தது. மேல்தோல் மினுமினுவென்று இழுத்துக்கொண்டு, நீல நரம்பெல்லாம் வெளியே தெரிந்தது. காம்பு ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது. இடது பக்கம் திரும்பிப் படுக்க முடியவில்லை. தவணை வரும்வரை காத்திருக்காமல் நானே போய் நின்றேன். அன்றைக்கு இருந்தவர் ஒரு பெண் சர்ஜன். ஐம்பது வயதிருக்கும், குள்ளம், பேச்சு வெடுக்வெடுக்கென்று இருக்கும். பழைய ரிப்போர்ட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ரிப்போர்ட்டை மூடி வைத்துவிட்டார்.

"நார்க்கட்டி இப்படி வளராதும்மா. இன்னொரு ஊசி. வேற வேற இடத்துல இருந்து எடுக்கணும்."

இரண்டாவது ரிப்போர்ட்டில்தான் அந்தப் பெயர் வந்தது. ஃபிலாய்ட்ஸ். அத்தை இன்றுவரை பில்லாயிஸ் என்றுதான் சொல்கிறார். டாக்டர் ஒரு தாளில் படம் போட்டுக் காட்டினார். சாதாரண மார்புப் புற்று பால் ஊறுகிற குழாய்களில் வருவது. இது அப்படி இல்லை, குழாய்களைத் தாங்கிப் பிடிக்கிற சதையில் வருவது. வெட்டிப் பார்த்தால் இலை இலையாக மடிந்திருக்குமாம், அதனால் அந்தப் பெயர். சாதுவானது உண்டு, கெட்டது உண்டு, நடுவில் ஒன்று உண்டு. ஊசியில் வருகிற நூல் துண்டு ஏதோ ஒரு ஓரத்திலிருந்து வந்தால் நார்க்கட்டி மாதிரியே ஏமாற்றும். முழுசாக எடுத்துப் பார்த்தால்தான் எந்த ரகம் என்று தெரியும்.

வெளியே மல்லி, உள்ளே இலை. மாலை கட்டவேண்டியதுதான் பாக்கி என்று எனக்குத் தோன்றியது. வாய்விட்டுச் சொல்லியும் விட்டேன். டாக்டருக்குப் புரியவில்லை. அத்தைக்குப் புரிந்தது.

"கட்டியை மட்டும் எடுத்தா பத்தாது. சுத்தி ஒரு சென்டிமீட்டர் நல்ல சதையோட எடுக்கணும். இல்லன்னா மறுபடி வரும்" என்றார் டாக்டர். தையலுக்கு ஓரம் விடுகிற மாதிரிதான். ஆனால் என் மார்பில் ஓரம் விட மிச்சத் துணி இல்லை. முழுசாக எடுக்கவேண்டும் என்றார். இப்போது ஆறாம் மாதம், ஆபரேஷனுக்கு இதுதான் சரியான சமயம், ரொம்பத் தள்ளினால் வலி வந்துவிடும், குறைமாதத்தில் பிறந்துவிடும்.

"பிரசவம் வரைக்கும் வுட்டு வெச்சா இன்னா டாக்டரம்மா?" அத்தை கேட்டார். "மார அறுத்துப்புட்டா புள்ளைக்கு இன்னாத்த குடுப்பா? ஏற்கனவே ஒண்ணப் பறிகுடுத்துட்டு குந்திகினு கீறோம். மயக்க மருந்துல இதுவும் பூட்டா?"

"விட்டு வெச்சா மூணு மாசத்துல தோலைப் பிச்சிட்டு வெளிய வரும். அதுக்குள்ள நுரையீரலுக்கும் போகலாம். பிள்ளை பிறக்கும், அம்மா இருக்கணுமே?"

"இன்னொரு மார் இருக்குல்ல டாக்டர்?" என்று கேட்டேன். "அதுல பால் வருமா?"

"வரும். ஒண்ணே போதும் ஒரு பிள்ளைக்கு."

அந்த ஒரு பதிலுக்காகத்தான் கையெழுத்துப் போட்டேன். உயிர் பயம் எனக்கும் இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. இந்தப் பிள்ளை என்னிடம் பால் குடிக்கவேண்டும். முதல் பிள்ளைக்கு ஊறியதை வேட்டித்துணியில் கட்டி வற்றவிட்டவள் நான். இந்தத் தடவை அது நடக்கக்கூடாது. ஒரு மார் போனால் போகட்டும், ஒன்று இருந்தால் போதும்.

என் வீட்டுக்காரர் பாஸ்கர் அப்போது கடலில் இருந்தார். போட்டில் போனால் பத்துப் பதினைந்து நாள் ஆகும் திரும்ப. வயர்லெஸ்ஸில் சேதி சொன்னார்கள். அவர் பதிலுக்கு, "அவ இன்னா சொல்றாளோ அத்த செய்யுங்க" என்றாராம். கல்யாணமாகி ஆறு வருடத்தில் அந்த மனிதர் பேசிய உருப்படியான பேச்சு அது.

அத்தை என்னோடு மூன்று நாள் பேசவில்லை. பேசியபோது சொன்னது இது: "மூளிமாரோட ஒருத்தி பெத்து வளத்தத நான் பாத்ததே இல்ல." குப்பத்துப் பெண்களும் சும்மா இருக்கவில்லை. என்னிடம் பத்து வருடமாகத் துணி கொடுக்கிறவள் ஒருத்தி, "இனிமே உனுக்கு ஜாக்கெட் துணில ஒரு பக்கம் மிச்சம்மே" என்று சொல்லிச் சிரித்தாள். நான் அவளுடைய துணியை அவள் முகத்திலேயே எறிந்தேன். விளையாட்டுக்குச் சொன்னாளாம். அதே விளையாட்டை அவள் வீட்டில் போய் ஆடட்டும்.

ஆபரேஷன் மேஜையில் என்னை இடது பக்கமாகச் சாய்த்துப் படுக்கவைத்து, இடுப்புக்கு அடியில் தலையணை கொடுத்தார்கள். நேராகப் படுத்தால் பிள்ளையின் கனம் பெரிய ரத்தக்குழாயை அழுத்திவிடுமாம். மயக்கம் கொடுக்கும் முன்பு வயிற்றில் ஒரு கருவியை வைத்துப் பிள்ளையின் இதயத்துடிப்பைக் கேட்க வைத்தார்கள். மோட்டார் போட்ட தையல் மிஷின் முழு வேகத்தில் ஓடினால் வருகிற சத்தம். கண் விழித்ததும் முதலில் நான் கேட்டது அந்தச் சத்தத்தைத்தான். வைத்துக் காட்டினார்கள். ஓடிக்கொண்டிருந்தது. அப்புறம்தான் எனக்கு வலித்தது.

வலி என்றால், யாரோ சூடான இஸ்திரிப்பெட்டியை நெஞ்சில் வைத்துவிட்டு எடுக்க மறந்துபோன மாதிரி. பிள்ளைக்கு ஆகாது என்று பெரிய வலி மாத்திரையெல்லாம் கிடையாது. விலாவிலிருந்து ஒரு ரப்பர் குழாய் வந்து பிளாஸ்டிக் டப்பாவில் முடிந்தது. உள்ளே சேருகிற ரத்தமும் நீரும் அதில் வடியும். கட்டு தட்டையாக இருந்தது. அதைப் பார்க்கக்கூடாது என்று நினைத்தேன், பார்த்துவிட்டேன்.

மறுநாள் டாக்டர் வந்தபோது கேட்டேன். "டாக்டர், வெட்டினப்ப உள்ள பால் இருந்துச்சா?"

"மார்புல சீம்பால் கொஞ்சம் ஊற ஆரம்பிச்சிருந்தது. அது எல்லா கர்ப்பிணிக்கும் இருக்கும்."

"கட்டிக்குள்ள? பழைய பால்?"

அவர் என் படுக்கையில் உட்கார்ந்தார். அதுவரை உட்கார்ந்தவரில்லை. "பழைய பால்னு ஒண்ணு கிடையாதும்மா. ரெண்டு வருஷம் முன்னாடி வந்த பாலை உடம்பு எப்பவோ உறிஞ்சிக்கிச்சு. இது முழுக்கச் சதை. ஒரு சொட்டுப் பால் கிடையாது."

அவர் போனதும் அழுதேன். மார்பு போனதற்கு அழுதேன் என்று வார்டில் எல்லோரும் நினைத்தார்கள். ஏழு வாரம் நான் தடவிக்கொடுத்தது என் மகனுடையது இல்லை. என்னைத் தின்ன வந்ததைத் தடவிக்கொடுத்திருக்கிறேன். அத்தை மட்டும் அந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டு ஜன்னலோரம் நின்றார். என் தட்டை எடுத்துக்கொண்டு கழுவப் போனார். ரொம்ப நேரம் வரவில்லை.

பாஸ்கர் கடலிலிருந்து நேராக வார்டுக்கு வந்தார், உப்பு காய்ந்த சட்டையோடு. கட்டைப் பார்த்தார், தலையைத் திருப்பிக்கொண்டார். அதற்காக அவரை மன்னிக்க எனக்கு ஒரு வாரம் ஆனது. ஆனால் குழாய் டப்பாவை அவர்தான் தினமும் காலி செய்தார். இன்ஜினில் டீசல் அளக்கிற கவனத்தோடு கண்ணுக்கு நேராகப் பிடித்து அளவு பார்த்து நர்ஸிடம் சொல்வார். வராந்தாவில் நடக்கவிட்டபோது அந்த டப்பாவைத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, குழாய் இழுபடாமல் என்னை ஒட்டி ஒட்டி நடந்தார். "பேசாம என்னையும் ஒங்கூட தைச்சி வுட்டுரச் சொல்லுமே" என்றார். தையல் இழுக்கிற வலியோடு சிரித்தேன்.

வெட்டியதைப் பரிசோதித்த ரிப்போர்ட் கெட்ட ரகம் என்று வந்தது. இந்த ரகம் அக்குள் நெறிக்குப் போவது குறைவு. ரத்தத்தில் கலந்து நேராக நுரையீரலுக்குப் போகும். வயிற்றின்மேல் ஈயத் துணி போர்த்தி நெஞ்சுக்கு எக்ஸ்ரே எடுத்தார்கள். ஒன்றும் தெரியவில்லை. சின்னப் புள்ளிகள் எக்ஸ்ரேயில் தெரியாது, சிடி ஸ்கேனில்தான் தெரியும், அதைப் பிள்ளை பிறந்த பிறகுதான் எடுக்கவேண்டும் என்று டாக்டர் ஒளிக்காமல் சொன்னார். மிச்ச மூன்று மாதம் எனக்கு இருமலே வரக்கூடாது என்று வேண்டிக்கொண்டிருந்தேன். ஒரு தும்மல் வந்தால்கூட அத்தையும் பாஸ்கரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள்.

பெண் பிறந்தாள். இரண்டே முக்கால் கிலோ, அத்தையின் மூக்கு. பிறந்த அரை மணிக்குள் வலது மார்பில் போட்டார்கள். பிடித்தாளே ஒரு பிடி! கால் கட்டைவிரல் வரைக்கும் சுரீரென்றது. அதைவிட ஒரு கொடுமை என்னவென்றால், அவள் வலது பக்கம் குடிக்கும்போதெல்லாம், இல்லாத இடது மார்பிலும் பால் இறங்குகிற மாதிரி குறுகுறுக்கும். தழும்பைத் தொட்டுப் பார்ப்பேன். காய்ந்திருக்கும். நரம்புக்கு இன்னும் சேதி போகவில்லை, போகப் போகச் சரியாகிவிடும் என்றார்கள். இன்னும் போகவில்லை.

அத்தை தினமும் காசிமேட்டிலிருந்து பால்சுறா கொண்டுவந்தார். பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊற எங்கள் வீடுகளில் சுறாப்புட்டு போடுவார்கள். அவர் தேடித் தேடி நல்லதாக எடுத்து, முள் பார்த்து உதிர்த்து, பூண்டு தட்டிப் போட்டு, "துன்னு, ஒரு மாருல ரெண்டு மார் பாலு வரணும்" என்று பக்கத்திலேயே குந்திக்கொள்வார். வந்தது. பிள்ளை குடித்தது போக வழிந்தது. கன்னம் வைத்தாள், தொடையில் மடிப்பு விழுந்தது. மூளிமார் என்று சொன்ன வாயாலேயே அத்தை, "இன்னாமா குடிக்குது பாரு களவாணி" என்று திருஷ்டி சுற்றிப் போட்டார். நாற்பத்தொரு நாள். என் வாழ்க்கையில் நான் யாரிடமும் சண்டை போடாத நாற்பத்தொரு நாள் அவை.

சிடி ஸ்கேன் ரிப்போர்ட்டை பாஸ்கர் போய் வாங்கிவந்தார். நான் சுறாப்புட்டுத் தட்டோடு உட்கார்ந்திருந்தேன். அவர் செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார். எனக்குத் தெரிந்துவிட்டது. இரண்டு நுரையீரலிலும் புள்ளிகள். வலதில் நாலு, இடதில் மூன்று. உடனே மருந்து ஏற்ற ஆரம்பிக்கவேண்டும். கொல்லாது என்றோ பிழைப்பாள் என்றோ யாரும் எழுதிக்கொடுக்கவில்லை. கட்டுப்படுத்தப் பார்க்கலாம் என்று, மறுநாள் எல்லோரும் போனபோது டாக்டர் சொன்னார். அவர் வெடுக்கென்று பேசவில்லை, அதுதான் என்னைப் பயமுறுத்தியது.

"பால் குடுக்கக்கூடாதும்மா. மருந்து பால்ல இறங்கும். இன்னியிலிருந்தே நிறுத்தணும்." பால் வற்ற மாத்திரை எழுதிக்கொடுத்தார்.

"ஒரே ஒரு வாரம் தள்ளி ஆரம்பிக்கலாமா?" என்றேன். "இப்பதான் டாக்டர் நல்லாக் குடிக்குது."

"ஏழு வாரம் ஏற்கனவே போச்சுல்ல கஸ்தூரி" என்றார்.

வேண்டுமென்று குத்தவில்லை. உண்மையைத்தான் சொன்னார். அந்த அறையில் அத்தையும் நின்றுகொண்டிருந்தார்.

மாத்திரை போட்டேன். மறுநாள் காலை மார்பு கல்லாகிவிட்டது. பிள்ளையை என் வாசனை படாத தூரத்தில், முன்னறையில் பாஸ்கர் வைத்துக்கொண்டிருந்தார். டப்பா மாவைக் கரைத்துப் பாட்டிலில் கொடுத்துப் பார்த்தார். நான் அத்தையைக் கூப்பிட்டு, வண்ணாரப்பேட்டைப் பக்கம் போனால் உதிரி மல்லி வாங்கிவரச் சொன்னேன்.

அவர் அப்படியே நின்றார். "அதான் மாத்தர குடுத்துக்கீறாங்கல்ல."

"மாத்திரையும் இருக்கட்டும், பூவும் இருக்கட்டும். வலிக்குது எனக்கு."

வாங்கிவந்தார். பொட்டலத்தை என் பக்கத்தில் வைத்துவிட்டு நகரப் பார்த்தார்.

"நீ கட்டு அத்தே."

"என் கை வேணாம்மே. பக்கத்து வூட்ல யாரையாச்சும் இட்டாறேன்."

"உன் கைதான் வேணும். ரெண்டு தடவ நீதானே கட்டுன? இதையும் நீயே கட்டு."

கொடுமைதான். தெரிந்துதான் சொன்னேன். எட்டு மாதமாக ஒருநாள்கூட நான் அவரிடம், உன்னால்தான் என்று சொன்னதில்லை. அன்றைக்கு அந்த ஒரு வாக்கியத்தில் அத்தனையும் சொல்லிவிட்டேன். முப்பது வருடமாக ஆளுயர வஞ்சிரத்தை அசராமல் வெட்டுகிற கை, பொட்டலத்தின் நூலைப் பிரிக்க முடியாமல் முடிச்சை இன்னும் இறுக்கியது. நான் உதவி செய்யவில்லை.

பொட்டலத்தைப் பிரித்தும் அவர் பூவை எடுக்கவில்லை. முதலில் வெறும் விரலால் மார்பைத் தடவினார். மேலே, கீழே, அக்குள் பக்கம், காம்பைச் சுற்றி. மீன் வயிற்றில் சினை இருக்கிறதா என்று பார்க்கிற அதே விரல்கள். என் முகத்தைப் பார்க்கவே இல்லை. வெளிப்பக்கமாக ஓரிடத்தில் விரல் நின்றது. போய்விட்டு மறுபடி அங்கேயே வந்து நின்றது. என் கோபமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. பயத்தில் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன்.

"இன்னாத்தே? இன்னா கீது அங்க?"

அவர் கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது.

"பாலு" என்றார். "பாலுதாம்மே."

அதே வார்த்தை, அதே குரல். நான் நம்பவில்லை. அவரும் நம்பவில்லை என்பது அவர் முகத்தில் தெரிந்தது. பூவை அள்ளி வைத்துத் துணியைச் சுற்ற ஆரம்பித்தார். முன்னறையில் என் மகள் பாட்டிலைத் துப்பிவிட்டு வீறிட்டு அழுதாள். அழுகை காதில் விழுந்த அதே நொடி மார்பு திறந்துகொண்டது. பூவெல்லாம் நனைந்து, துணி நனைந்து, அத்தையின் விரலிடுக்கில் வழிந்து பாயில் சொட்டியது. இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தோம். இந்தத் தடவை அத்தை சொன்னது சரி. பால்தான்.